ஹை பேண்டில் இருந்த குருவிகள்

என் வாயில் எதுவும் தங்காது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் வைத்த "ஓட்டைவாய்" என்ற பட்டப்பெயர் இன்றுவரை நிலைத்திருக்கிறது. அப்படிப்பட்ட என்னிடம் போய் இரண்டு பேர், ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர், ஆளுக்கொரு ரகசியத்தை ஒப்படைத்தார்கள். இந்தத் தடவையாவது நல்ல பெயர் வாங்கிவிட வேண்டும் என்று வாயை இறுக மூடிக்கொண்டேன். வந்த வினையெல்லாம் அதனால் வந்ததுதான்.

எங்கள் வீட்டின் கீழ்த்தளம் ஒரு சின்ன ஒலி ஸ்டூடியோ. முன்னறையில் ஃபோனும் நானும். உள்ளறையில் மிக்ஸிங் மேசை. காலையில் அதில் அவர் உட்காருவார், மதியத்துக்கு மேல் மருமகள். மகன் பல் டாக்டர். "அவனும் இரைச்சல் தொழில்தான் பண்றான், என்ன, அத அடக்கத் தெரியல" என்பார் அவர்.

இவர்கள் வேலை செய்கிற விதத்தை எனக்குப் புரிந்தவரையில் சொல்கிறேன். படம் எடுக்கிறவர்கள் சுத்தம் செய்யச் சொல்லி அனுப்புகிற சத்தத்தை அப்படியே கையாள மாட்டார்கள். மூன்று அடுக்காகப் பிரிப்பார்கள், ஒவ்வொன்றுக்கும் பேண்ட் என்று பெயர். உறுமல், அதிர்வு எல்லாம் லோ பேண்ட். பேச்சு பெரும்பாலும் நடுவில், மிட் பேண்ட். கீச்சென்று கூர்மையாக இருப்பது ஹை பேண்ட். ஒன்றைத் தொட்டால் மற்றது அசையாது. லாரி சத்தத்தைக் கீழே அடக்கினால் பேசுகிறவர் குரலுக்கு ஒன்றும் ஆகாது. கடைசியில் மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து அனுப்புவார்கள். வெள்ளை, கலர், கால்மிதி என்று பிரித்துத் துவைக்கிற மாதிரிதான். இப்படிச் சொன்னால் இரண்டு பேருக்கும் ரோஷம் வந்துவிடும்.

முதலில் மருமகள்தான் வந்தாள்.

"அத்தை, மாமாகிட்ட சொல்லிடாதீங்க. கீச்சுன்னு உச்சில இருக்கற சத்தம் அவருக்குச் சரியா கேக்கல. கேக்கலன்னு ஹை பேண்டை ஏத்தி ஏத்தி வைக்கறார், காது கூசுது. அவர் எழுந்து போனப்புறம் நான் இறக்கி வச்சு அனுப்பறேன்."

"அவர்கிட்டயே சொல்லேன்டி."

"எப்படி அத்தை? உங்க காது போச்சுன்னு என் வாயால சொல்லணுமா?" கண் கலங்கிவிட்டாள். சரி, சொல்லவில்லை.

அடுத்து இவர். கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத் தனியாகக் காது டாக்டரிடம் போயிருக்கிறார்.

"உச்சில இருக்கறது எனக்குச் சுத்தமா கேக்கலையாம். இனிமே திரையில சத்தத்தோட அளவக் காட்டற கோட்டப் பார்த்து நானே ஹை பேண்டைக் குறைச்சுக்கறேன். மருமககிட்ட மூச்சு விடாத, அவ என்னப் பார்த்துப் பாவப்பட்டா தாங்க மாட்டேன். என்னிக்கு ஒரு வேலை சரியில்லன்னு திரும்பி வருதோ, அன்னிக்கு அந்த நாற்காலிய விட்டு எழுந்துடறேன்."

அந்த நாற்காலி இல்லாமல் இவருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே நகராது. இரண்டு ரகசியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் நடக்கப் போவது எனக்கே தெரிந்திருக்கும். நானோ மூடி வைப்பதிலேயே குறியாக இருந்தேன்.

ஏரி ஒன்றைப் பற்றிப் படம் எடுத்த டைரக்டரம்மாவிடமிருந்து ஃபோன் வந்தது.

"அக்கா, நான் குருவி அனுப்பினேன், நீங்க காத்த மட்டும் திருப்பி அனுப்பியிருக்கீங்க! கரை முழுக்க என்னமா கத்திச்சு, ஒண்ணக்கூட காணோம்!"

அவர் கதவருகில்தான் நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. உள்ளே போய் ஹெட்ஃபோன் ஒயரை நிதானமாகச் சுருட்டி மேசைமேல் வைத்தார்.

"மாமா, தப்பு என்னோடது" என்று மருமகள் ஓடி வந்தாள்.

"நீ ஏம்மா பழியத் தலையில போட்டுக்கற? எல்லாம் நான் பண்ணினது."

"இல்ல மாமா, நான்தான்..."

எனக்குப் பொறுக்கவில்லை. "ரெண்டு பேரும் நிறுத்துங்க! நீங்க கோட்டப் பார்த்து வெட்டினீங்க. அது தெரியாம, கேட்டுக்கூடப் பார்க்காம, வழக்கமா வெட்டற அளவ அதுக்கு மேல இவளும் வெட்டினா. மாமனாரும் மருமகளும் மாத்தி மாத்தி வெட்டினா குருவி எங்கேர்ந்து மிஞ்சும்?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு ஒன்றாக என் பக்கம் திரும்பினார்கள். "உனக்கு முன்னாடியே தெரியுமா?" "அத்தை, உங்களுக்குத் தெரியுமா?" பேசாமல் இருந்ததற்காக நான் திட்டு வாங்கியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

ஆனாலும் அவர் உட்காரவில்லை. "கேக்காதவனுக்கு அங்க என்ன வேலை? இனிமே நீயே பார்த்துக்கம்மா" என்று சொல்லிவிட்டு மாடிப்படியை நோக்கி நடந்தார்.

மருமகள் கெஞ்சவில்லை. அவளுக்குக் கோபம் வந்திருந்தது. மேசையில் உட்கார்ந்து, டைரக்டரம்மா அனுப்பிய அசல் ஒலியைத் திறந்தாள். ஹை பேண்டை மட்டும் தனியாகப் பிரித்தாள். அதை ஒரு நகல் எடுத்து, அந்த நகலின் சுருதியைக் கீழே கீழே இறக்கிக்கொண்டே போனாள். பிறகு ஸ்பீக்கரில் சத்தமாக விட்டாள்.

முதல் படியில் வைத்த காலை அவர் எடுத்துவிட்டார்.

"என்னது அது?"

"குருவி."

"குருவியா? எருமை கத்தற மாதிரி இருக்கு!"

"எருமையாவே இருக்கட்டும் மாமா. கேக்குதில்ல?"

அவர் மெல்ல உள்ளே வந்து ஸ்பீக்கர் பக்கம் தலையைச் சாய்த்து நின்றார். "மறுபடியும் போடு" என்றார். அப்புறம், "ஒண்ணு கிட்டக்க கத்துது. தூரத்துல இன்னொண்ணு அதுக்குப் பதில் சொல்லுது பாரு" என்றார்.

"அது இரைச்சல்னு நினைச்சேன் மாமா. எடுத்துடலாம்னு இருந்தேன்."

"எடுக்காத! அதுலதான் ஏரி எவ்ளோ பெரிசுன்னு தெரியுது."

இதைச் சொல்லும்போது அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எப்போது உட்கார்ந்தார் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. நாங்களும் கேட்டுவைக்கவில்லை. உச்சியில் இருப்பதை அவள் காதால் கேட்டு அளவு வைப்பது, எருமை நகலை அவர் கேட்டு எது வேண்டும் எது வேண்டாம் என்று சொல்வது என்று அன்றைக்கே ஏற்பாடாகிவிட்டது. மாலைக்குள் குருவிகள் எல்லாம் ஏரிக்குத் திரும்பிவிட்டன. டைரக்டரம்மா வாய் நிறையப் பாராட்டினாள்.

நான் முன்னறையைப் பூட்டிக்கொண்டிருந்தபோது அவர் வந்து நின்றார்.

"கொஞ்சம் மைக் ரூமுக்குள்ள வந்து பேசேன்."

"எதுக்கு? டப்பிங்குக்கு ஆள் வரலையா?"

"உன் குரல்லயும் உச்சில ஏதோ இருந்துச்சு. அத நான் கேட்டு ரொம்ப நாளாச்சு. பிரிச்சு இறக்கித் தரேன்னு அவ சொல்லியிருக்கா."

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மைக் முன்னால் நின்றேன். அந்தப் பக்கம் மருமகள் உதட்டைக் கடித்துக்கொண்டு எதையோ திருகிக்கொண்டிருந்தாள். அவர் ஹெட்ஃபோனை மாட்டிக் கண்ணை மூடிக்கொண்டார். நாள் முழுக்கப் பேசுகிற எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை.

"என்ன பேசறதுன்னே தெரியலையே" என்றேன்.

அவர் கண்ணைத் திறக்கவில்லை. கையை மட்டும் உயர்த்தி, அதையே இன்னொரு தடவை சொல் என்று காட்டினார்.