தங்கவேல் போட்ட முடிச்சு

தங்கவேல் மேஸ்திரிக்கு மேடை என்றால் உயிர். சாலைத் துறையில் நிரந்தர வேலை, சங்கத்தில் கிளைச் செயலாளர் பதவி. இரண்டும் ஓர் ஆளுக்கு வாய்த்துவிட்டால் அவனைக் கையில் பிடிக்க முடியுமா? ஒடுகத்தூர் கடைத்தெருவில் மூன்று பேர் சேர்ந்து நின்று டீ குடித்தாலே போதும், தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்துவிடுவார். ஆனாலும் கெட்ட மனிதர் என்று அவரை யாரும் சொன்னதில்லை. தினக்கூலி ஆட்களை ஒருநாளும் மரியாதைக் குறைவாகப் பேசாதவர். பின்னால் நடந்தது அவரை அந்த அளவுக்கு அரித்ததற்குக் காரணமும் அதுதான்.

ஜவ்வாது மலைக்கு ஏறும் சாலையில் அவருக்குக் கீழே பதினாலு பேர் மஸ்டர் ரோலில் இருந்தார்கள். அதாவது, அன்றன்றைக்குப் பெயர் எழுதி, அன்றன்றைய வேலைக்குக் கூலி. எல்லோரும் கொல்லைமேடு என்ற மலையூரைச் சேர்ந்தவர்கள். மழைக்குச் சரிந்த மண்ணை வாருவதும், பள்ளத்துக்கு ஜல்லி போடுவதும், உருண்டு வந்த பாறையைக் கடப்பாரையால் நெம்பித் தள்ளுவதும் அவர்கள்தான். நிரந்தர ஆட்கள் ஐந்து பேர் நிழலில் நின்று மேற்பார்வை பார்த்தார்கள். இதைத் தங்கவேலே சிரித்துக்கொண்டு ஒப்புக்கொள்வார்.

அந்தப் பதினாலு பேருக்கும் தலைமையாள் வேடியப்பன். அவன் மனைவி சுந்தரம்மாளும் அதே ரோலில் சட்டி தூக்கினாள். முன்பெல்லாம் சாமை அறுப்பு முடிந்ததும் இருவரும் மேற்கே காபித் தோட்டத்துக்குக் கூலிக்குப் போய்விடுவார்கள். அப்படிப் போன ஒரு வருஷம், அங்கே ஒரு பெண் குழந்தையைக் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பினார்கள். சாலை வேலை கிடைத்த பிறகு மலையை விட்டு இறங்கவில்லை. இடைவெளி விடாமல் இரண்டு வருஷம் வேலை பார்த்தவர்களை நிரந்தரமாக்குவார்கள் என்று ஒரு பேச்சு இருந்தது. இவர்களுக்கு அதற்கு இன்னும் நாலு மாதம்தான் பாக்கி. நாலு மாதம் கழிந்தால் சாகும்வரை காபித் தோட்டம் பக்கம் தலை வைத்துப் படுக்க வேண்டியதில்லை.

அந்தச் சமயத்தில்தான், விலைவாசி ஏற்றத்துக்குப் பஞ்சப்படி கேட்டு வேலைநிறுத்தம் வந்தது.

ஐந்து பேர் வேலைக்கு வராவிட்டால் எந்தச் சாலையும் நின்றுவிடாது. பதினாலு பேர் வராவிட்டால் நிற்கும். தங்கவேல் சைக்கிளை அடிவாரத்தில் போட்டுவிட்டுக் கொல்லைமேட்டுக்கு நடந்தார். ஊர்க் கோயிலுக்கு முன்னால் எல்லோரையும் உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேசினார். மேடையில் பேசியதைவிட நன்றாகவே பேசினார் என்றுதான் சொல்ல வேண்டும்.

சுந்தரம்மாள் குறுக்கே கேட்டாள். "இன்னா மேஸ்திரி, நீ சொல்ற பஞ்சப்படி எங்களுக்கும் உண்டா?"

மலையில் எல்லோருக்கும் "நீ"தான். கலெக்டர் வந்தாலும் நீதான். தங்கவேல் அதற்கெல்லாம் முகம் சுளிக்கிறவர் இல்லை. "மொதல்ல எங்களுக்கு வரட்டும்மா. அடுத்த போராட்டமே உங்களை பெர்மனென்ட் ஆக்கச் சொல்லித்தான். இது என் பொறுப்பு."

வேடியப்பன் எழுந்தான். மண்வெட்டி, கடப்பாரை, சட்டி எல்லாவற்றையும் கோயில் முன் குவித்தான். சாமை வைக்கோலை முறுக்கிக் கயிறாக்கித் தங்கவேல் கையில் கொடுத்தான். அந்த ஊரில் அது ஒரு வழக்கம். வேலையை நிறுத்தச் சொல்கிறவன் கருவிகளைக் கட்டி முடிச்சுப் போட வேண்டும். அவனே வந்து அவிழ்க்கிற வரைக்கும் யாரும் அதைத் தொட மாட்டார்கள்.

"நீ கட்டு. நீ வந்து அவுத்தா எறங்குவோம்" என்றான் வேடியப்பன்.

தங்கவேல் இறுக்கமாகவே முடிச்சுப் போட்டார். அவருக்கு அது வேடிக்கையாக இருந்தது. மறுநாள் ஒடுகத்தூர் டீக்கடையில் கைகளை முறுக்கிக் காட்டி அந்தக் கதையைச் சொன்னார். "மலைக்காரன் ஒத்துமை நமக்கு வருமாய்யா?" என்று பாராட்டினார்.

அது உண்மைதான். பத்தாம் நாளே கீழே நிரந்தர ஆட்களில் இரண்டு பேர் பின்வாசல் வழியாகப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்கள். கீழ்ச் சாலைகளில் வேலை பார்த்த அடிவாரத்துத் தினக்கூலிகள் பாதிப் பேர் ஆபீஸ் வேலியோரமாகவே சுற்றிக்கொண்டிருந்தார்கள். கொல்லைமேட்டிலிருந்து மட்டும் ஒருத்தர்கூட இறங்கவில்லை. வீட்டில் சாமை தீர்ந்தவர்கள் காட்டுக் கிழங்கு தோண்டித் தின்றார்கள்.

பதினேழாம் நாள், ஒரு வெள்ளிக்கிழமை, அரசாங்கம் இறங்கி வந்தது. பஞ்சப்படி உண்டு. திங்கட்கிழமை காலை வேலைக்கு வருகிறவர்களுக்கு வேலைநிறுத்த நாட்கள் இடைவெளியாகக் கணக்காகாது. தங்கவேலுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வேலூரில் வெற்றி ஊர்வலம் என்று மேலிடத்திலிருந்து தகவல் வந்தது. சனிக்கிழமை அவர் மலைக்குப் போயிருக்கலாம். போகவில்லை. புதுச் சட்டை தைக்கக் கொடுத்திருந்தார், அதை வாங்கப் போனார். வேடியப்பனுக்கு ஒரு கடிதம் எழுதி, பஸ் கண்டக்டர் பஞ்சாட்சரத்திடம் கொடுத்தார். "திங்கக்கிழமை வந்துடச் சொல்லுப்பா. நீயே படிச்சுக் காட்டிடு."

பஞ்சாட்சரம் நல்ல மனிதர். பஸ் நிற்கும் இடத்திலிருந்து இரண்டு மைல் நடந்து போய்ப் படித்தும் காட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை ஊர்வலத்தில் தங்கவேலுக்கு நாலு மாலை விழுந்தது. திங்கட்கிழமை பாராட்டுக் கூட்டம், அதன் பிறகு பிரியாணி. தன் ஆபீசில் கையெழுத்துப் போட அவருக்கு அவசரம் இல்லை. செயலாளர் என்பதால் சங்க வேலையாக எழுதிக்கொண்டார்கள். செவ்வாய்க்கிழமை தூங்கினார். புதன்கிழமை காலை ஆபீசுக்குள் நுழைந்தபோதுதான் மஸ்டர் ரோலைப் பார்த்தார். கொல்லைமேட்டுப் பெயர்கள் பதினாலுக்கு நேராகவும் சிவப்பு மையில் கோடு.

அப்படியே திரும்பி மலைக்குக் கிளம்பினார். மலையேற்றத்தில் ஓர் இடத்திலும் உட்காராமல் போனார்.

கோயில் முன்னால் கருவிகள் கட்டியபடியே கிடந்தன. வேடியப்பன் அருகில் உட்கார்ந்திருந்தான்.

"கடுதாசி வர்லையா வேடியப்பா?"

"வந்துச்சு. கண்டக்டர் படிச்சாரு. உன் எழுத்துதான்னு சொன்னாரு."

"அப்புறம் ஏன்யா எறங்கல?"

வேடியப்பனுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. "கட்டினது நீயாச்சே" என்றான்.

தங்கவேல் குனிந்து முடிச்சை அவிழ்த்தார். வைக்கோல் காய்ந்து இறுகியிருந்தது. நகம் கிழிந்தது.

சுந்தரம்மாள் விடவில்லை. "அந்த நாலு நாளு உனக்கு இன்னா வேலை மேஸ்திரி?"

மாலை, ஊர்வலம், பிரியாணி, புதுச் சட்டை. அந்தச் சட்டையைத்தான் அப்போதும் போட்டிருந்தார். உண்மையைச் சொல்லியிருக்கலாம். திட்டியிருப்பார்கள், அதோடு போயிருக்கும். அத்தனை மேடையில் பேசிய வாய், அங்கே ஒரு பொய்யைத்தான் தேடிப் பிடித்தது.

"காய்ச்சல்மா. படுத்த படுக்கையாக் கெடந்தேன்."

சுந்தரம்மாளின் முகம் அப்படியே மாறிப்போனது. காய்ச்சல் என்ற சொல் அந்த வீட்டில் என்ன செய்யும் என்பது அவருக்குத் தெரியாததா? வேடியப்பன் அவளை அதட்டினான். "காய்ச்சல்ல கெடந்த மனுசன்கிட்ட இன்னாடி கேள்வி? போ, கஞ்சி கொண்ணா." அவள் ஓடிப் போய்க் கஞ்சியும், ஒரு சின்ன பாட்டிலில் தேனும் கொண்டுவந்தாள். கிழங்கு தின்று பசியாறிய ஊரில், வீட்டில் மிஞ்சியிருந்த அந்தக் கஞ்சியை அவர் குடித்தார். குடிக்காமல் எழுந்து வர அவருக்குத் துணிச்சல் இல்லை.

மறுநாள் பதினாலு பேரையும் கூட்டிக்கொண்டு செக்ஷன் ஆபீசர் கோபால்சாமியின் முன்னால் நின்றார். கோபால்சாமி கறாரான ஆள், ஆனால் பொய் பேசாதவர்.

"மேஸ்திரி, பஞ்சப்படி ஏத்தியாச்சு. வரியைக் கொஞ்சம் ஏத்தியிருக்காங்க, அது பத்தலை. இன்னும் ஏத்த மேல யாருக்கும் துணிச்சல் இல்லை. மிச்சத்துக்குச் சாலை மராமத்துப் பணத்துலதான் கை வெச்சிருக்காங்க. கூலி ஆளைக் குறைன்னு ஆர்டர். யாரைக் குறைக்கிறதுன்னு நான் தவிச்சுட்டிருந்தேன். திங்கக்கிழமை வராதவங்களுக்கு இடைவெளி விழுந்துடுச்சு, அவங்க பேர் தானாவே அடிபட்டுப்போச்சு."

"சார், நான் சொல்லித்தான் அவங்க நின்னாங்க."

"அப்போ நீங்க வந்து சொல்லியிருக்கணும்" என்றார் கோபால்சாமி.

சங்கத்துக்கு எழுதினார். அவர்கள் சந்தா கட்டிய உறுப்பினர்கள் அல்ல என்று பதில் வந்தது. வேலூருக்கே நேரில் போய்க் கத்தினார். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள். திங்கட்கிழமை வந்துவிட்ட அடிவாரத்துக் கூலிகள் நாலு மாதத்தில் நிரந்தரமானார்கள். அவர்களில் ஒருவன் தங்கவேலுக்கு இனிப்பு கொண்டுவந்து கொடுத்தான். அவர் அதைப் பிரிக்கவே இல்லை. அந்த வருஷம் ஏறிய வரியில் தீப்பெட்டியும் சோப்பும் கொஞ்சம் விலை கூடின. கொல்லைமேட்டுக்காரனும்தான் தீப்பெட்டி வாங்கினான். அவன் கட்டிய வரியும் சேர்ந்துதான் தங்கவேலின் சம்பளம் கூடியது. இந்தக் கணக்கை அவர் அடிக்கடி போட்டுப் பார்த்தார்.

மேடை ஏறுவதை விட்டுவிட்டார். அடுத்த தேர்தலில் செயலாளர் பதவிக்கு நிற்கவில்லை. கேட்டவர்களுக்குத் தொண்டை சரியில்லை என்றார்.

மலைச் சாலையில் மண் சரிந்தால் இப்போது அள்ள ஆளில்லை. பஸ் பாதி வழியில் திரும்பிவிடும்.

சாமை அறுப்பு முடிந்த ஒரு காலையில், ஒடுகத்தூர் பஸ் ஸ்டாண்டில் அவர்களைப் பார்த்தார். பாய்ச் சுருட்டும் அலுமினியப் பாத்திரமுமாகக் கொல்லைமேட்டு ஆட்கள் எட்டுப் பேர் மேற்கே போகும் பஸ்ஸுக்கு நின்றிருந்தார்கள். சுந்தரம்மாளின் இடுப்பில் ஒரு கைக்குழந்தை. தங்கவேல் கூட்டத்துக்குள் ஒதுங்கப் பார்த்தார். அதற்குள் வேடியப்பன் பார்த்துவிட்டான். பாயைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தான்.

இன்றைக்காவது சொல்லிவிட வேண்டும் என்று தங்கவேல் வாயைத் திறந்தார். வேடியப்பன் முந்திக்கொண்டான். அவரை ஏற இறங்கப் பார்த்தான்.

"இன்னா மேஸ்திரி, எளைச்சுக் கீறே? அந்தக் காய்ச்சல் மறுபடி வந்துச்சா?"

பஸ் வந்து நின்றது. சுந்தரம்மாள் குழந்தையோடு ஏறி, ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். அவளும் பதிலுக்காகத்தான் காத்திருந்தாள்.

"இல்லப்பா" என்றார் தங்கவேல். "அப்புறம் வர்ல."

"அது போதும்" என்று சொல்லிவிட்டு, வேடியப்பன் பாயை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினான்.