விடு, என்னுது

1

இந்தக் கதை எனக்கு ஒரு பிசியோதெரபி நிலையத்தில் கிடைத்தது. முட்டி வலிக்காகப் போயிருந்தேன். சுவர் டிவியில் பெண்கள் கால்பந்தின் பழைய இறுதிப்போட்டி ஒன்றைப் போட்டிருந்தார்கள். ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் பந்து சாவகாசமாக உருண்டு வருகிறது. கோலுக்கு முன்னால் நிற்கும் உயரமான டிஃபெண்டர் அதை உதைக்காமல், யாருக்கோ வழிவிடுவதுபோல ஒதுங்கிக்கொள்கிறாள். எதிரணிக்காரி ஓடிவந்து தட்டிவிட, கோல். காத்திருந்த எல்லாரும் சிரித்தோம். என் பக்கத்தில் இருந்த பெண் மட்டும் சிரிக்கவில்லை. அவள் விரல்கள் ஆளுக்கொரு திசையில் கோணியிருந்தன. எழுந்துபோய், "வேற ஏதாவது போடுங்க" என்று வரவேற்பில் சொல்லிவிட்டு வந்தாள்.

கிடைத்தது இவ்வளவுதான். அந்த விரல்களைப் பார்த்து அவளை அந்த அணியின் கோல்கீப்பர் ஆக்கிக்கொண்டேன்; மீதியும் என் கைச்சரக்கு. நீங்கள் கவலைப்படாமல் சாய்ந்து உட்காருங்கள். இந்தக் கதை என் பொறுப்பு.

2

முதல் வரிக்கு முயன்றவை:

'பிறக்கும்போதே கைகளை விரித்தபடி பிறந்தவள் என்று அவளைப் பற்றி—'

'கோல்கீப்பரின் தனிமை யாருக்கும்—'

இரண்டையும் விட்டுவிட்டேன். (அடிக்காமல் வைத்திருக்கிறேன், எவ்வளவு மோசம் என்று நீங்களும் பாருங்கள்.) கோல்கீப்பர் எங்கே தனியாக இருக்கிறாள்? ஆட்டம் முழுக்கத் தொண்டை கட்டும்வரை கத்துகிறவளே அவள்தான். முன்னால் நிற்பவர்களின் முதுகுக்குப் பின்னால் நடப்பது அவளுக்குத்தான் தெரியும். அதனால் ஒரு சட்டம் உண்டு: கோல்கீப்பர் "விடு, என்னுது" என்று குரல் கொடுத்தால், பந்து காலடியில் இருந்தாலும் விட்டுவிட வேண்டும். ஏன், எதற்கு என்று திரும்பிப் பார்க்கக்கூடாது.

அன்று அவள் குரல் கொடுத்தாள். இரண்டு எட்டு முன்னால் வந்தாள். நின்றுவிட்டாள்.

3

ஏன் நின்றாள்?

முதல் பிரதியில் கண்ணில் வெயில் அடித்தது. இரண்டாவதில் பழைய தோள்பட்டைக் காயம் ஒன்றை வரவழைத்தேன். படித்துப் பார்த்த என் தங்கை, "அவளுக்கு வக்கீல் வேலை பாக்கறியா?" என்றாள்.

சரி. பயந்தாள். எதிரணிக்காரி கால்களை நீட்டிச் சறுக்கிக்கொண்டு வந்தாள், இவள் பயந்தாள். வேறு காரணமில்லை. பயந்ததற்காக அவள்மேல் எனக்கு வருத்தமும் இல்லை. அதன் பிறகு நடந்ததுதான் எழுதக் கூசுகிறது.

4

உடை மாற்றும் அறை. ஈரக் காலுறைகளின் நாற்றம். பயிற்சியாளர் அந்த உயரமான பெண்ணின் முன்னால் போய் நிற்கிறார். அணியில் அவளை நெட்டை என்றுதான் கூப்பிடுவார்கள்.

"ஏம்மா விட்ட?"

நெட்டை தலையைத் திருப்பி கோல்கீப்பரைப் பார்த்தாள். குற்றம் சொல்லும் பார்வை இல்லை அது. கோல்கீப்பரை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்; அக்கா இப்போது சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தாள். அக்கா மணிக்கட்டில் சுற்றிய டேப்பைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். கையோடு வந்துவிடும் டேப்தான். அன்றைக்கு அதைப் பிய்க்க அவ்வளவு நேரம் ஆயிற்று.

"கவனம் தப்பிடுச்சு சார்" என்றாள் நெட்டை.

(நெட்டை ஏன் காட்டிக்கொடுக்கவில்லை என்பதற்கு மூன்று காரணங்கள் எழுதினேன். மூன்றிலும் அவள் தெய்வமாகிவிட்டாள். எனக்குத் தெரியவில்லை என்பதே நிஜம்.)

திரும்பும்போது பேருந்தில் வழக்கம்போலப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "பரவால்லக்கா, விடுங்க" என்றாள். அவள் நாலு அறை அறைந்திருந்தால் இந்தக் கதையே இருந்திருக்காது.

5

அடுத்த சீசனுக்கு நெட்டையை எடுக்கவில்லை. வேறு அணிகளும் கூப்பிடவில்லை. கோல்கீப்பர் தேசிய அணிவரை போனாள். கோப்பைகள், பேட்டிகள். "நீங்க மறக்க நினைக்கற கோல் எது?" என்று யாராவது கேட்டால் சொல்வதற்கு வேறொரு கோலைத் தயாராக வைத்திருந்தாள். மழையில் கை வழுக்கிய கோல். கேட்பவர்களுக்கு அவள்மேல் பிரியம்தான் கூடும்.

இப்போது ஓய்வுபெற்று, ஒரு கிளப்பில் சிறுமிகளுக்குக் கோல்கீப்பிங் சொல்லிக்கொடுக்கிறாள். "குரல் குடுத்தா வந்தே ஆகணும்" என்று தினமும் காலையில் முதல் பாடமாகச் சொல்கிறாள். அவளாகத்தான் சொல்கிறாள், நான் சொல்ல வைக்கவில்லை.

அந்தக் கிளப்புக்கு நெட்டை வேலை கேட்டு வந்திருக்கிறாள். சிறுமிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலை. மேலாளரின் அறைக்கு வெளியே பெஞ்சில், முழங்கால் இடிக்க உட்கார்ந்திருக்கிறாள். கண்ணாடி வழியாக உள்ளே இருக்கும் அக்காவைப் பார்த்ததும் கையைத் தூக்கிச் சிரிக்கிறாள்.

மேலாளர் குரலைத் தாழ்த்துகிறார். "நீங்க கூட ஆடினவங்க, அதான் கேக்கறேன். சும்மா வேடிக்கை பாத்துக்கிட்டு நின்னாங்களே, அவங்கதானே? பெத்தவங்க அந்த வீடியோவைத் தூக்கிட்டு வந்துடுவாங்க. நீங்க சொல்லுங்க, எடுக்கலாமா?"

6

முடிவு அ: "தெரியலைங்க" என்கிறாள். நெட்டை பேருந்து ஏறிப் போகிறாள். இதை எழுதிவிட்டு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

முடிவு ஆ: "தங்கமான பொண்ணு, தாராளமா எடுக்கலாம்." வேலை கிடைக்கிறது. எல்லாருக்கும் நிம்மதி. இது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. தங்கைதான் விடவில்லை. "உதவி பண்ற மாதிரி மறுபடியும் தப்பிக்கறா. நெட்டை காலம் பூரா நன்றி வேற சொல்லணுமா?" என்றாள்.

முடிவு இ: 'அன்னிக்கு அவள விடச் சொன்னது—'

இதைத்தான் எழுத வேண்டும், தெரிகிறது. மேலாளர் காத்திருக்கிறார். அவள் வாயைத் திறக்கிறாள். அடுத்த வரியை எழுதினால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நெட்டையின் முகத்தையும் நான் எழுதியாக வேண்டும். இத்தனை வருடம் கழித்து அந்த முகம் எப்படி மாறும் என்று பார்க்க எனக்குத் தைரியமில்லை.

கதை என் பொறுப்பு, சாய்ந்து உட்காருங்கள் என்று குரல் கொடுத்தவன் நான். நீங்களும் நம்பி விட்டுவிட்டீர்கள். இரண்டு எட்டு வந்துவிட்டு நானும் நிற்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. பந்து உங்கள் காலடியில் உருண்டுகொண்டிருக்கிறது, நெட்டை இன்னும் பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.