சிவப்பு நூல் வீடு

குப்பை தரம்பிரிக்கும் கொட்டகையின் இரும்புக் கதவை ரீனா தட்டியபோது மணி பதினொன்று. வீட்டு முன்னறையில் மாமனார் ஜேசுபாதம் ப்ரீசர் பெட்டிக்குள் கிடந்தார். நாலு மணிக்கு அடக்கம். துக்க வீட்டு மருமகள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு எங்கே ஓடுகிறாள் என்று தெரு பார்த்தது. அவள் நிற்கவில்லை.

கையுறை போட்ட ஒரு பெண் கதவைத் திறந்தாள். கழுத்து அட்டையில் வடிவம்மாள் என்று இருந்தது.

"அக்கா, காலைல எங்க தெரு வண்டியில ஒரு பொட்டலத்தைத் தெரியாமப் போட்டுட்டேன்."

"நகையா?"

"இல்லக்கா."

"நகை இல்லாததுக்கா இப்படி மூச்சு வாங்குது? உங்க தெரு வண்டி எட்டரைக்கே வந்து கவுத்திட்டுப் போயாச்சு. அங்கன பாருங்க."

ரீனா பார்த்தாள். ஒரு பக்கம் சிமெண்ட் தொட்டிகளில் காய்கறித் தோலும் மீன் செதிலும் சாணித் தண்ணீரோடு உரமாகிக்கொண்டிருந்தன. மறுபக்கம் பால் கவர், அட்டை, தேங்காய்ச் சிரட்டை, பழஞ்செருப்பு என்று தனித்தனிக் குவியல்கள். நடுவில் நான்கு பெண்கள் குனிந்து பிரித்துக்கொண்டிருந்தார்கள். எதற்கும் ஆகாததெல்லாம் வாசலில் நின்ற லாரியில் ஏறிக்கொண்டிருந்தது. அது சிமெண்ட் ஆலைச் சூளைக்குப் போகும், பன்னிரண்டுக்குக் கிளம்பிவிடும் என்று டிரைவர் சொன்னார்.

ரீனா லாரியையும் குவியல்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

நேற்று சாயங்காலம் ஆஸ்பத்திரியில் மாமாவின் உயிர் பிரிந்ததும், நர்ஸ் அவர் பல் செட்டைக் கழற்றி மாமியார் இசபெல்லாவிடம் கொடுத்திருந்தாள். இசபெல்லா மாமி அதை வீட்டுக்குக் கொண்டுவந்து கழுவி, பேப்பரில் சுற்றி, கைக்குக் கிடைத்த சிவப்பு நூலால் கட்டி, அடுக்களை ஜன்னலில் வைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை. விடிந்ததும் வருகிறவர்களுக்காக இடத்தை ஒழித்த ரீனா, சிவப்பு நூலைப் பார்த்ததும் யோசிக்காமல் பொட்டலத்தை எடுத்துக் குப்பை வண்டியில் போட்டுவிட்டாள். அந்த வீட்டில் சிவப்பு நூல் கட்டினால் உள்ளே உடைந்த கண்ணாடி என்று அர்த்தம்.

அது மாமாவின் வழக்கம். துறைமுகத்தில் சரக்கு எண்ணும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேக்கரியிலிருந்து மக்ரூன் பெட்டி கட்டிவரும் சிவப்பு நூலை அவிழ்த்து, அடுக்களை ஆணியில் மாட்டிச் சேர்த்து வைப்பார். தம்ளரோ பல்போ உடைந்தால் நாலு மடிப்புப் பேப்பரில் சுற்றி, அந்த நூலால் கட்டி, இரண்டு முடிச்சுப் போடுவார். ரீனா சிரிப்பாள்.

"குப்பைக்குப் போறதுக்கு எதுக்கு மாமா இந்தச் சோடனை?"

"கண்ணாடிதாம்மா குப்பைக்குப் போகுது. அதை எடுக்குற கையுமா குப்பைக்குப் போகுது?"

காலை பத்து மணிக்கு மாமி ஜன்னலைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஏளா ரீனா, இங்கன இருந்த பொட்டலத்த எங்க? அவுக பல்லுல்லா அது. கடைசி நாளுல ஆண்டவர் எழுப்பும்போது, பல்லத் தேடிக்கிட்டு நிப்பாவளே."

அந்த முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல ரீனாவுக்கு வாய் வரவில்லை. "எடுத்துட்டு வாரேன் மாமி" என்று மட்டும் சொன்னாள்.

இப்போது சொல்ல வேண்டியிருந்தது. "பேப்பர்ல சுத்தின சின்னப் பொட்டலம்க்கா. சிவப்பு நூல் கட்டியிருக்கும்."

வடிவம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். குனிந்திருந்த பெண்களும் நிமிர்ந்தார்கள்.

"ஏட்டி, செவப்பு நூல் வீட்டுக்காரவுக வந்திருக்காவ" என்றாள் வடிவம்மாள்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"ஆளத் தெரியாது. நூலத் தெரியும்." அவள் கையுறையைக் கழற்றி உள்ளங்கையைக் காட்டினாள். கட்டைவிரலடியிலிருந்து மணிக்கட்டு வரை ஒரு தழும்பு வெள்ளையாக ஓடியது. "கண்ணாடியச் சோத்துக்குள்ள போட்டு மூடித் தந்த வீடு ஒண்ணு. ஏழு தையல். மத்த வீட்டுப் பொட்டலத்தத் தொடயில உசிரு நடுங்கும். செவப்பு நூலுன்னா பிரிக்கவே மாட்டோம். அப்படியே கண்ணாடிச் சாக்குல போட்டுருவோம். லாரிக்கெல்லாம் போயிருக்காது. வாங்க."

மறுபடி கையுறையை மாட்டிக்கொண்டு, மூலையில் இருந்த சாக்கைக் கவிழ்க்காமல், உள்ளே இருந்ததை அவளே ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். பாட்டில் கழுத்து, டியூப்லைட் துண்டு, ஊறுகாய் ஜாடி. அடியில் அந்தப் பொட்டலம், முடிச்சு அவிழாமல்.

"இப்படி நூல் கட்டித் தாரவுக பேரென்ன?"

"எங்க மாமா. ஜேசுபாதம். நேத்து சாயங்காலம் இறந்துட்டாங்க."

வடிவம்மாள் கையுறையைக் கழற்றி வைத்தாள். குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வந்து, பொட்டலத்தை இரண்டு கையாலும் எடுத்துக் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.

"உள்ள என்னம்மா இருக்கு?"

"மாமாவோட பல் செட்டு."

வடிவம்மாளின் கை கண்ணருகிலேயே நின்றது. "அடிப்பாவி, சொல்லப்பிடாதா!" என்றாள். மற்றப் பெண்கள் சிரித்துவிட்டார்கள். ரீனாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. நேற்றிலிருந்து வராத அழுகை. வடிவம்மாள் அவள் முதுகில் ஈரக் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"போங்க தாயி. அவுகளுக்காக எங்க சாமிட்டயும் நாங்க சொல்லுதோம்."

வீட்டில் மாமாவைச் சவப்பெட்டிக்கு மாற்றியிருந்தார்கள். கல்லறைத் தோட்டத்துக்குப் போயிருந்த கணவன் வில்பிரட் திரும்பி வந்திருந்தான். பொட்டலத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னான்: "இனிமே வாய்க்குள்ள வைக்க முடியாதும்மா. தாடை இறுகிட்டு."

"சட்டைப் பையில வச்சிருலே. அவுக எடுத்துப் போட்டுக்கிடுவாவ" என்றாள் மாமி.

ரீனா மாமியின் பக்கத்தில் உட்கார்ந்து, காதோரம் எல்லாவற்றையும் சொன்னாள். வண்டியில் போட்டதை, சாக்கை, தழும்பை, கண்ணில் ஒற்றிக்கொண்டதை. மாமி கோபப்படவில்லை. "அந்தப் பிள்ளைகளுக்கு இவுக பேரச் சொன்னியா?" என்று மட்டும் கேட்டாள்.

"சொன்னேன் மாமி."

மாமி முடிச்சைப் பல்லால் கடித்து இளக்கி, நூலை அறுக்காமல் அவிழ்த்தாள். பல் செட்டை அவர் கைக்குட்டையில் வைத்து மடித்து, சட்டைப் பைக்குள் இறக்கிப் பொத்தானைப் போட்டாள். பிறகு பையின்மேல் இரண்டு தட்டுத் தட்டினாள், அவர் வெளியே கிளம்பும்போதெல்லாம் மூக்குக்கண்ணாடி இருக்கிறதா என்று அவள் தட்டிப் பார்ப்பது போல.

நூல் மாமியின் மடியில் கிடந்தது. மூன்றரைக்கு வாசலில் செபம் தொடங்கியது. ரீனா அந்த நூலை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். நீவிச் சுருக்கமெடுத்து, ஆணியில் மற்ற நூல்களோடு மாட்டினாள்.

முன்னறையில் பெட்டியைத் தூக்கினார்கள். ஆணியில் நூல் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.