ஆறாவது பூட்டு

மாப்பிள்ளையிடம் ‘முடியாது’ என்று சொல்ல எந்த மாமனாருக்கும் நாக்கு வளைவதில்லை. நான் மட்டும் என்ன வானத்திலிருந்து குதித்தவனா? முப்பது வருஷமாக எஞ்சின் பிரித்துக் கோக்கிறவன். நைட்ரஸ் மாட்டணும் என்று எவனாவது வந்தால், “வேற வேலை இருந்தா போய்ப் பாருப்பா” என்று விரட்டுகிறவன். ஆனால் மாப்பிள்ளை ஒரு நீல சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு பட்டறைக்குள் நுழைந்தபோது, “வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க” என்றேன்.

“மாமா, இத என் வண்டில பத்திரமா மாட்டிக் குடுங்க. உங்கள விட்டா எனக்கு யாரு இருக்கா?”

நைட்ரஸ் என்பது பல் டாக்டர் முகத்தில் பிடிக்கிற அதே சிரிப்பு வாயுதான். எஞ்சினுக்குள் போனால் கூடுதல் பெட்ரோலை எரிக்க வைக்கும், வண்டி பறக்கும். பெட்ரோல் குறைந்து வாயு மட்டும் போனாலோ பிஸ்டன் உருகி ஓட்டை விழும். அவனுடையது தினமும் ஆபீசுக்கும் மளிகைக் கடைக்கும் போய்வருகிற சாதாரண கார். அதில்தான் என் மகளும் உட்கார்ந்து போகிறாள். நான் மாட்டேன் என்றால் வேறு எவனிடமாவது போவான். அந்தப் புண்ணியவான் ஒரு குழாயைச் செருகி, ஒரு சுவிட்சைத் தொங்கவிட்டு அனுப்பிவிடுவான். மகளுக்காகத்தான் ஒத்துக்கொண்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வேலை என்று இறங்கிவிட்டால் எனக்கு வெறிதான். மூன்று நாள் வேறு வண்டியைத் தொடவில்லை. முதலில் எஞ்சினின் நாலு சிலிண்டரிலும் கம்ப்ரெஷன் பார்த்தேன்; சுத்தமாக இருந்தது. வாயு எவ்வளவு பாய வேண்டும் என்று அளக்கிற துளைக்கு ஜெட் என்று பேர்; அவன் கொண்டுவந்த பெரிய ஜெட்டைத் தூக்கி டப்பாவில் போட்டுவிட்டு, இருப்பதிலேயே சின்ன ஜெட்டை மாட்டினேன். அது முதல் பூட்டு. ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்தால் மட்டும் வேலை செய்கிற சுவிட்ச் இரண்டாவது. எஞ்சின் நிமிஷத்துக்கு மூவாயிரம் சுற்றுக்குக் கீழேயும் ஆறாயிரத்துக்கு மேலேயும் வாயுவை நிறுத்துகிற பெட்டி மூன்றாவது. பெட்ரோல் அழுத்தம் இறங்கினால் அந்தக் கணமே வாயுவை வெட்டிவிடுவது நாலாவது. சீக்கிரம் சூடு ஆறுகிற பிளக் போட்டு, பொறி விழுகிற டைமிங்கைப் பின்னால் தள்ளியது ஐந்தாவது. நீல சிலிண்டரை டிக்கித் தரையில் போல்ட் போட்டு இறுக்கினேன். சூட்டில் அழுத்தம் ஏறினால் வாயு காருக்குள் வராமல் வெளியே போக ஒரு குழாயும் இறக்கினேன்.

ஐந்தும் எஞ்சினைக் காப்பாற்றும். ரோட்டில் போகிற ஜனங்களை யார் காப்பாற்றுவது? அதற்கு ஆறாவதாக, ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சாவி சுவிட்ச் வைத்தேன். சாவி போட்டால்தான் வாயுவைத் திறக்கக் கரண்ட் போகும். ஒரே ஒரு சாவி. அதை அவன் முன்னாலேயே என் மகள் கையில் கொடுத்தேன்.

“ஞாயித்துக்கெழம ரேஸ் டிராக்குல வண்டி விடும்போது மட்டும் குடும்மா. மத்த நாள்ல கேட்டா குடுக்காத.”

“பாத்தீங்களா, இனிமே பொண்டாட்டிகிட்ட லீவு லெட்டர் குடுக்கணும்போல” என்றான் அவன். மூன்று பேரும் சிரித்தோம். அவள் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தாள். அதைக் கவனித்தேன். கவனித்துவிட்டு டிக்கியைச் சாத்தினேன்.

எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பையோடு வந்து நின்றாள். “கோவம் வந்தா கை நீளுதுப்பா” என்றாள். “கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா. நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க” என்று அன்று சாயங்காலமே நானே வண்டியெடுத்துக் கொண்டுபோய் விட்டேன். அவன் வாசலில் நின்று “வாங்க மாமா” என்றான். காபி போட்டுக் கொடுத்தான். நானும் ருசித்துக் குடித்தேன்.

கிளியை வளர்த்துப் பூனை கையில் கொடுத்த கதை எல்லா ஊரிலும் உண்டு. அந்தப் பூனைக்கு நகமும் தீட்டிக் கொடுத்தவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

மூன்றாவது வாரம் புதன்கிழமை மத்தியானம் வண்டி பட்டறைக்கு வந்தது. மகள் பக்கத்து சீட்டில், சால்வையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இறங்கவில்லை.

“மாமா, வண்டி சும்மா அம்பு மாதிரி போகுது. அந்த சாவி மட்டும் ஒரே தொல்ல. அதக் கழட்டிட்டு சாதா சுவிட்ச் போட்டுடுங்க” என்றான். சாவி அவன் வளையத்தில் தொங்கியது. போன் வந்ததும் தெருப்பக்கம் போய்ப் பேச ஆரம்பித்தான்.

நான் டிரைவர் சீட்டில் மல்லாந்து படுத்து, தலையை ஸ்டியரிங்குக்குக் கீழே விட்டு, திருகாணியைக் கழற்ற ஆரம்பித்தேன். அங்கிருந்து பார்த்தால் சால்வைக்குள் இருப்பது தெரிந்தது. வலது கையில் முழங்கை வரை மாவுக்கட்டு. வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு விரல் நுனியும் கறுத்து வீங்கியிருந்தன.

“என்னம்மா இது?”

“பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்.”

“அம்மாடி.”

சால்வையை இழுத்துக் கட்டை மூடினாள். பிறகு, பக்கத்து வீட்டுக் கதை சொல்வதுபோலச் சொன்னாள். “திங்கக்கெழம பைபாஸ்ல யாரோடயோ பந்தயமாம். சாவி கேட்டாரு. நீங்கதான குடுக்காதன்னு சொன்னீங்க. கைக்குள்ள வச்சு இறுக்கி மூடிக்கிட்டேன். ஒவ்வொரு வெரலா பிரிச்சாருப்பா.”

என் முகத்துக்கு நேர் மேலே ஃபியூஸ் பெட்டி இருந்தது. ஃபியூஸை மெலிசாகச் செய்வதே எதற்கு? என்ன வந்தாலும் முதலில் அது எரியட்டும், மற்றதெல்லாம் பிழைக்கட்டும் என்றுதான். அதை வைக்கிறவன் அதனிடம் சம்மதம் கேட்பதில்லை. அவனைக் கொல்ல வேண்டும்போல இருந்தது. அதற்கு முன்னால் என்னை.

வெளியே வந்து, சுற்றிப் போய் அவள் பக்கத்துக் கதவைத் திறந்தேன். “எறங்கும்மா. நம்ம வீட்டுக்குப் போலாம்.”

அவள் பெல்ட்டைக் கழற்றவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தாள். “எறங்கினா, சாயங்காலம் திரும்பக் கொண்டுபோய் விட்டுடுவீங்களாப்பா?”

“மாட்டேன். சத்தியமா மாட்டேன்.”

“அப்ப அத அவர்கிட்ட சொல்லுங்க. என் முன்னாடியே சொல்லுங்க.”

இடது கையால் பெல்ட் கொக்கியை அழுத்தினாள். பெல்ட் விடுபட்டது. ஒரு காலைத் தரையில் வைத்தாள்.

அவன் போனைப் பையில் போட்டபடி வந்தான். “என்ன மாமா, முடிஞ்சுதா?”

என் நெஞ்சுக்குள் அவனை ‘டேய்’ என்று கூப்பிட்டேன். வாயைத் திறந்தேன்.

“மாப்பிள்ளை… கொஞ்சம் உக்காருங்க. பேசணும்.”

“என்ன மாமா, சொல்லுங்க” என்று சிரித்தான்.

நான் அவனுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். என்னையறியாமல் தோள் துண்டால் அதைத் துடைத்தும் விட்டேன். பின்னால் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. திரும்பினால், அவள் காலை உள்ளே எடுத்துவைத்து, இடது கையால் பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தாள்.

“நேரமாச்சுங்க, போலாம்” என்றாள் அவனிடம்.

“சுவிட்ச அப்புறம் பாத்துக்கலாம் மாமா” என்று அவன் ஏறி உட்கார்ந்து, வண்டிச் சாவியைத் திருப்பினான். ஒரு தட்டல் இல்லை, ஒரு இருமல் இல்லை. எஞ்சின் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது.