எறும்புக் கயிறு

கொழுந்தன் அரிவாளை ஓங்கிவிட்டான். "தம்பி, நில்லு!" என்று கத்திக்கொண்டே அவள் உள்ளேயிருந்து ஓடி வந்தாள்.

வெட்ட வேண்டியது ஒரு கயிறு. வாசலிலிருந்து தெருவுக்குப் போக இருந்தது ஒரே பாதை. அதற்கு இந்தப் பக்கம் எலுமிச்சை, அந்தப் பக்கம் மா. இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் முசுறு எறும்புகள் மரம் விட்டு மரம் போய்ப் புழுக்களைத் தின்னட்டும் என்று, அவள் புருஷன் இரண்டு மரத்துக்கும் நடுவே தலை உயரத்தில் விறைப்பாகக் கட்டிவைத்த கயிறு அது. குடோனில் பூச்சிமருந்து மூட்டை சுமந்தே நெஞ்சைக் கெடுத்துக்கொண்ட ஆள். தோட்டத்துக்குள் ஒரு சொட்டு மருந்தை அண்டவிடவில்லை. கொண்டையில் எறும்பு விழும்போதெல்லாம் அவள், "நீ கண்ண மூடுன அன்னைக்கு மொத வேலையா இதத்தான் அறுப்பேன்" என்பாள். "அறுத்துக்கோ, யாரு வேணாங்குறா" என்று அவர் இருமலுக்கு நடுவே சிரிப்பார்.

அந்த நாள் வந்துவிட்டது. பாதை நடுவே, நாலு குடோன் சுமையாட்களின் தோளில் சவப்பெட்டி நின்றது.

"பெட்டி போக வேணாமா அண்ணி? எறும்பு பெருசா, எங்கண்ணன் பெருசா?"

அவள் அரிவாளைப் பிடுங்கிக்கொண்டாள்.

"கையில தாழ்த்திப் பிடிச்சுக் கொண்டுபோங்களேன்" என்றார் யாரோ.

முன்னால் தோள் கொடுத்து நின்ற குடோன் மேஸ்திரிக்குச் சுருக்கென்றது. "தொங்கவிட்டுக் கொண்டுபோக அவன் என்ன கிழிஞ்ச மூட்டையா? எங்கூடத் தோள் கொடுத்தவன். தோள்லதான் போவான்." அவள் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு தங்கச்சி, அறுக்கலாமா?"

"வேணாண்ணே. அவரு தெனம் குனிஞ்சுதான் போனாரு."

மேஸ்திரி கயிற்றையே பார்த்தார். "டேய், குடோன் சின்னக் கதவுன்னு நெனச்சுக்கோங்க. முட்டிய மடக்கு. தோள் சாயக் கூடாது."

நாலு பேரும் பாதி உட்கார்ந்த வாக்கில் அடியடியாக நகர்ந்தார்கள். தொடைகள் நடுங்கின.

"செத்தும் வேல வாங்குறான் பாரு" என்றான் பின்னால் ஒருவன்.

பெட்டி கயிற்றை உரசியது. மேஸ்திரியின் பிடரியில் எறும்புகள் பொலபொலவென்று விழுந்து கடித்தன. இரண்டு கையும் பெட்டியில். பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார்.

தெருவுக்கு வந்ததும் நிமிர்ந்தார்கள். அவள் அரிவாளைக் கீழே போட்டுவிட்டு மேஸ்திரி பக்கத்தில் போனாள். பிடரியிலிருந்த எறும்புகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்து உள்ளங்கையில் சேர்த்தாள்.

"எடுத்துட்டேண்ணே. நடங்க."

கையை மூடிக்கொண்டாள். உள்ளே கடித்தன. மூடிய கையோடு பெட்டிக்குப் பின்னால் நடந்தாள்.