கிணற்று வயலுக்கு ஒரு கையெழுத்து

மழை சாய்ந்தடிக்கிறது, கதவு இன்னும் திறக்கவில்லை, மேபலின் கையில் பிளாஸ்டிக் உறைக்குள் பத்துக் கையெழுத்து விழுந்த தாள், இருபத்தொரு வீட்டில் பதினொன்று சம்மதித்தால்தான் குடியிருப்பின் பெயரை மாற்றலாம், நாளை கவுன்சில் ஆபீஸில் கொடுக்கக் கடைசி நாள், இந்த வீட்டு டெக்லனோ ஏற்கெனவே இரண்டு முறை, அதெல்லாம் எதுக்கு மேபல், விடுங்க என்று சிரித்தே அனுப்பிவிட்டார். அயர்லாந்தின் மேற்குக் கரையில் இந்த வீடுகளைக் கட்டியவன் வைத்த பெயர் ஓஷன் வியூ, கூரைமேல் ஏறி நின்றாலும் கடல் தெரியாது, எட்டு வருஷமாக அந்தப் பெயருக்குத்தான் அவளுக்குக் கடிதம் வருகிறது, ஒரு குறையும் தோன்றியதில்லை, மகள் ஷைனி பள்ளியிலிருந்து அந்த வரைபடத்தைக் கொண்டுவரும்வரை. உன் வீடு நிற்கிற வயலின் பெயரை எழுதி வா என்பது வீட்டுப்பாடம், இங்கே வயலுக்கு வயல் ஐரிஷ் மொழியில் ஒரு பெயர் உண்டாம், வகுப்பில் எல்லாரும் எழுதிவிட்டார்கள், ஷைனியின் கட்டம் மட்டும் வெள்ளையாகக் கிடக்கிறது. பெயரில்லாத நிலமா, மேபலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது, பனவிளை, மாவிளை, கிணற்றுவிளை என்று பத்துத் தென்னை நிற்கிற தோப்புக்கும் பெயர் சொல்லி அழைக்கிற நாகர்கோவில்காரியிடம் சொல்கிற பேச்சா இது. லீவு நாளில் நூலகத்தில் போய் உட்கார்ந்தாள், தொண்ணூறு வருஷத்துக்கு முன் இந்த ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் வீட்டில் கேட்டு எழுதிய நோட்டுகள் இருந்தன, அவர்களுடைய முன்னோர் பள்ளியில் ஐரிஷ் பேசினால் கழுத்தில் தொங்கும் குச்சியில் ஒரு வெட்டு விழுமாம், சாயந்திரம் வெட்டை எண்ணி அடியாம், அடிபட்டவர்களின் வம்சம் அதே மொழியில் ஒரு வயல் விடாமல் எழுதிவைத்திருக்கிறது, அதில் ஒரு சிறுமியின் கோணல் எழுத்தில் இவளுடைய வயலும் இருக்கிறது, கோர்ட் அன் டோபர், கிணற்று வயல், அட நம்ம கிணற்றுவிளை என்று நூலகத்திலேயே வாய்விட்டுச் சொல்லிவிட்டாள், அந்தப் பெயரைக் குடியிருப்புக்கு வைக்கத்தான் இந்தத் தாள்.

கதவு திறந்தது. உள்ளே வாங்க, டீ குடிக்கிறீங்களா என்றார் டெக்லன், வேண்டாம் என்றாள், கொஞ்சமாவது என்றார், இல்ல, இருக்கட்டும் என்றாள், அட, அரைக் கோப்பை என்றார், சரி என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது, இந்த ஊரிலும் சரி, நாகர்கோவிலிலும் சரி, முதல் இரண்டு வேண்டாம் வெறும் மரியாதைக்கு, அதை நம்பித் திரும்பிப் போகிறவர் யாரும் கிடையாது, நான் மட்டும் இவர் இரண்டு முறை விடுங்க என்றதை நம்பி வீட்டுக்குப் போயிருக்கிறேனே, என்ன மண்டு நான். தாளை எடுத்து மேசைமேல் வைத்தாள், மூணாவது தடவை கேக்கிறேன், போடுங்க. டெக்லன் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார், அந்த வயல் எங்களுது மேபல், வித்தவன் நான், வித்துட்டு எந்த முகத்தோட அதோட பேரைக் கேக்கிறது. எதுக்கு வித்தீங்க. மகளை டப்ளின்ல படிக்க வைக்க.

மேபலுக்கு ஊர் வீட்டு வாசல் கண்ணில் வந்தது, பத்திர ஆபீஸிலிருந்து அப்பா வருகிறார், பனவிளையை எழுதிக்கொடுத்துவிட்டு, சட்டையைக்கூடக் கழற்றவில்லை, போவட்டு மக்ளே, நீ நர்ஸுக்குப் படி என்கிறார், இப்போது அங்கே கல்யாண மண்டபம் நிற்கிறது, கண்டக்டர் இன்றைக்கும் பனவிளை எறங்கு என்றுதான் கத்துகிறான், யார் கேட்டாலும் அப்பா நெஞ்சை நிமிர்த்தி, நான் பனவிளை ஆளாக்கும் என்கிறார். அதை அப்படியே டெக்லனிடம் சொன்னாள், எங்கப்பா தோட்டத்தை வித்துப் படிக்க வச்ச பொண்ணு நான், எட்டு வருஷமா உங்க ஆஸ்பத்திரியில நிக்கிறேன், அவருக்கு அதுல வெக்கமே கிடையாது, உங்களுக்கு மட்டும் எதுக்கு.

அவர் பேனாவைத் தேடிப் பிடித்துக் கையெழுத்துப் போட்டார். பதினொன்று. போட்ட கையோடு போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார், வீட்டு விலாசம் மாறப்போகுது, எழுதிக்கோ என்று ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார், மறுமுனையில் அவள் ஏதோ கேட்டிருக்க வேண்டும், மேபலின் அப்பாவைப் போலவே அவர் தலை நிமிர்ந்தது, நம்ம வயலோட பேரும்மா, உன்னைப் படிக்க வச்ச வயல் என்றார்.