நாற்பதுக்கு ஒரு நாள் குறைய

அன்று அந்தியில், மஃரிப் தொழுகைக்குப் பிறகு அந்தச் சாய்ந்தமருது வீட்டு ஹோலில் இருந்தவர்கள்:

வீட்டுக்காரர் ஷரிபுதீன்.
அவருடைய தம்பி நூஹு. மீன் வியாபாரி, சம்பவத்தைக் கண்ணால் கண்டவர்.
கலியாணம் பேசி முடித்த மசூர் ஹாஜியார்.
அடுப்படியில், குசினித் திரைச்சீலைக்குப் பின்னால் மாமியார் றுகையா. அவரில் தெரிந்தது இரண்டு பாதங்கள் மட்டும்.
சீலைக்கு இந்தப் பக்கம் மகள் பஸ்மிலா.
நடுக்கதிரையில் மாப்பிள்ளை இன்பாஸ். கலியாணமாகிப் பதினெட்டு நாள்.
மேசையில் கை படாத ஒரு தட்டு வட்டிலப்பம்.

வட்டிலப்பத்தையும் ஆளாகச் சேர்த்ததற்குக் காரணம் இருக்கிறது. அன்றைய விசாரணையில் அதுதான் முறைப்பாட்டுக்காரர்.

அந்தப் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவான். வீடு பெண்ணுடையது. றுகையாவின் வீட்டு வழக்கப்படி முதல் நாற்பது நாளும் மாப்பிள்ளைக்கு விருந்து. காலையில் ஆட்டுக்கால் சூப்பும் ரொட்டியும், பகலில் புரியாணி, பின்னேரம் அஸருக்கு முட்டையும் கருப்பட்டியும் சேர்த்து அவித்த வட்டிலப்பம், இரவுக்கு இடியப்பமும் கோழி ஆணமும். அந்த நாற்பதுக்குள் அவன் தாய்வீட்டுக்குப் போவதென்றால் மனைவியோடு, நல்ல உடுப்பு உடுத்து, கையில் பலகாரத்தோடு போக வேண்டும். விடியற்காலையில் தனியாக, அதுவும் ஓடிப் போனால், தெரு அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான் வைத்திருந்தது.

இன்பாஸ் ஓடத்தான் செய்தான். சாய்ந்தமருதிலிருந்து வடக்கே, கல்முனை டவுனைத் தாண்டி, பாண்டிருப்பில் சிநேகிதன் கிசோக்கைச் சேர்த்துக்கொண்டு, மருதமுனையில் தன் உம்மாவின் வாசல்வரை ஓடினான். போகவரப் பன்னிரண்டு கிலோமீற்றர். தெற்கே காரைதீவுப் பக்கமும் ஓடியிருக்கலாம். ஆனால் கிசோக் பாண்டிருப்பு ஆள். தனியே ஓடினால் ஐந்தாவது கிலோமீற்றரில் இன்பாஸுக்கு வாழ்க்கையைப் பற்றி யோசனை வந்துவிடும். யோசனை வந்தால் ஓட்டம் நடையாகிவிடும்.

மருதமுனைக் கரையில் மீன் எடுக்கப் போகிற நூஹு அவனை மூன்று நாளாகக் கவனித்திருந்தார். அதைத் தன் அண்ணனிடம் சொன்னார்.

“உம்மாட ஊட்டுக் கேற்றால வாயத் தொடச்சித் தொடச்சி வெளிய வாறாரு, காக்கா. இஞ்ச பாத்தா வெச்ச வட்டிலப்பம் வெச்சபடி கிடக்கு.”

ஹோல் சிறிது நேரம் வட்டிலப்பத்தைப் பார்த்தது. வேறு சாட்சி தேவைப்படவில்லை.

றுகையா மருமகனோடு நேரே கதைப்பதில்லை. அவருடைய உம்மாவும் தன் மருமகனோடு கதைத்ததில்லை. சீலைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. “மாப்பிள்ளைக்கிட்டக் கேளு புள்ள, நம்மட ஊட்டுச் சோத்துல என்ன குறையெண்டு.”

பஸ்மிலா இன்பாஸின் பக்கம் திரும்பி அதையே ஒரு சொல் பிசகாமல் கேட்டாள். அவன் ஆறடி தூரத்தில் இருந்தான், காதும் நன்றாகக் கேட்கும். ஆனால் முறை முறைதான்.

குறை ஒன்றுமில்லை என்றான். குறையில்லாததுதான் பிரச்சினை என்று சொல்ல நினைத்து விழுங்கிக்கொண்டான். இன்னும் மூன்று வாரத்தில் கல்முனையில் தொடங்கித் திருக்கோவிலைத் தாண்டி முடியும் மரதன் ஓட்டம் இருக்கிறது, நாற்பத்திரண்டு கிலோமீற்றர், அதற்குத்தான் பயிற்சி, உம்மா வீட்டில் தண்ணீர் மட்டும்தான் குடித்தேன் என்றான். அவன் வேலை மின்சார மீற்றர் வாசிப்பது. ஒவ்வொரு வளவு நாயும் அவன் காலைப் பழக்கி வைத்திருந்தது. தன்னிடம் இருக்கிற ஒரே சொத்து அந்தக் கால்தான் என்பது அவன் எண்ணம்.

மரதன் என்றதும் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள். போன வருடமும் அவன் ஓடினான். முப்பத்து மூன்றாவது கிலோமீற்றரில், தம்பட்டைக்குக் கிட்ட, வீதியோரம் குந்தினான். அக்கரைப்பற்றிலிருந்து ஒரு பஸ் வந்தது. ஏறினான். அந்த பஸ் அவனோடு ஓடிக்கொண்டிருந்தவர்களை ஒவ்வொருவராக முந்திக்கொண்டு போனது. யன்னலோரத்தில், நெஞ்சில் நம்பரும் கையில் பாதி வடையுமாக அவன் இருந்ததை யாரோ படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டார்கள். கிசோக் ஓடி முடித்துப் பதக்கம் வாங்கினான். கலியாணம் பேச வந்தபோது மசூர் ஹாஜியார் காட்டிய படம் வேறு. ஆனால் பெண் வீட்டார் பார்த்திருந்தது இந்தப் படத்தைத்தான்.

இந்த முறை முடிக்க வேண்டும். அவனுக்கு அவ்வளவுதான் தேவை. எத்தனையாவதாக வந்தாலும் சரி, கடைசியாக வந்தாலும் சரி, தன் காலில் வரவேண்டும்.

மசூர் ஹாஜியார் விரல்விட்டுப் பார்த்தார். மரதன் வருவது முப்பத்தொன்பதாம் நாள். நாற்பது முடிய ஒரு நாள் குறைகிறது. கலியாணத் திகதிகளை முன்னேயும் பின்னேயும் நகர்த்தியே வாழ்ந்த மனிதர் அவர்.

“அந்த மரதன ரெண்டு நாள் தள்ளி வெக்க ஏலாதா தம்பி? நான் வேணுமெண்டாக் கதைச்சிப் பாக்கட்டா?”

ஏலாது என்றான். நூஹு காற்சட்டையின் நீளத்தைப் பற்றி விசாரித்தார். கணுக்கால்வரை நீளமானது என்று பதில் கிடைத்ததும் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம். ஷரிபுதீன் அந்த வீட்டில் இருபத்தேழு வருட மாப்பிள்ளை. எங்கே கதைக்கக் கூடாது என்று அவருக்குத் தெரியும்.

தீர்ப்பு சீலைக்குப் பின்னாலிருந்து வரவேண்டியிருந்தது. நாற்பது முடியும்வரை மாப்பிள்ளை விடிய எழும்பி வெளியே போகத் தேவையில்லை என்று அது வர இருந்த நேரத்தில் பஸ்மிலா வாயைத் திறந்தாள். அவள் கல்முனையில் ஒரு பாமசியில் மருந்து கொடுக்கிறவள். எதையும் சீட்டைப் பார்த்துத்தான் நம்புவாள்.

“நாளைக்கு நான் ஸ்கூட்டில பின்னால போய்ப் பாக்கன். தின்னுறாரா குடிக்கிறாரா எண்டு தெரியுந்தானே.”

பெண்டாட்டி கூடப் போனால் தெருவுக்குக் கதைக்க ஒன்றுமில்லை என்று மசூர் ஹாஜியார் உடனே ஒத்துக்கொண்டார். பாதங்கள் இரண்டும் இடம் மாறி நின்றன. சரி என்று அர்த்தம்.

மறுநாள் விடியற்காலை, சுபஹ் தொழுகைக்குப் பின் அவன் ஓடினான். பின்னால் ஸ்கூட்டி முனகிக்கொண்டு வந்தது. கல்முனை டவுனில் பாண் லொறிக்காரன் வேகத்தைக் குறைத்து, தங்கச்சி, இவரு ஏதும் களவெடுத்திட்டாரா என்று கேட்டான். பாண்டிருப்பில் கிசோக் சேர்ந்தான். பிரதேச செயலகத்தில் கிளாக்கர் வேலை பார்ப்பவன், மெலிந்த ஆள், சிநேகிதனின் மனைவி கூட வருவதைக் கண்டதும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டான். மருதமுனையில் இன்பாஸ் உம்மாவின் கேற்றைத் திறந்து, கேற்றோரப் பைப்பில் வாயை வைத்துக் குடித்து, சேர்ட்டால் வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான். வீட்டுக் கதவு மூடியே இருந்தது. அவன் வந்துபோவது உம்மாவுக்கே தெரியாது. பைப்பை ஒழுங்காகப் பூட்டுவதில்லை என்று அவர் இரண்டு வாரமாகப் பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்.

“இவ்வளவுந்தானா?” என்றாள் பஸ்மிலா.

இவ்வளவுதான் என்றான், மூச்சு வாங்க.

அவள் போய்ச் சீலைக்கு அறிக்கை கொடுத்தாள். தண்ணீர் மட்டும்தான். அதோடு விஷயம் முடிந்தது என்று இன்பாஸ் நினைத்தான். றுகையாவுக்கோ இது முன்னதைவிட மோசமாகப் பட்டது. தாய்வீட்டில் சாப்பிட்டாலும் பரவாயில்லை. நம்முடைய வீட்டில் பால் தேத்தண்ணி இருக்க, மாப்பிள்ளை தெருவோரப் பைப்பில் தண்ணீர் குடிக்கிறார் என்று நாளைக்கு நூஹு ஊரெல்லாம் சொல்லித் திரிந்தால்?

அடுத்த நாளிலிருந்து ஸ்கூட்டியின் முன்பக்கம் ஒரு பை தொங்கியது. பிளாஸ்க்கில் தேத்தண்ணி, அவித்த முட்டை ஆறு, கோழி ரோல்ஸ், ஒரு டப்பாவில் அதே வட்டிலப்பம்.

பஸ்மிலா அவனைப் பாமசித் தராசில் ஏற்றிப் பார்த்தாள். கலியாணத்துக்குப் பிறகு நாலரைக் கிலோ ஏறியிருந்தது. இந்த மருந்து கூடிப்போச்சு என்றாள். கொட்டவும் முடியாது, திருப்பிக் கொண்டுபோகவும் முடியாது. றுகையா பையைத் திறந்து பார்ப்பார். ஆகவே கிசோக் சாப்பிட்டான். பாண்டிருப்பு மதகில் குந்தி, ஒரு நாள் வெட்கத்தோடு சாப்பிட்டான், இரண்டாம் நாள் வெட்கமில்லாமல் சாப்பிட்டான். கூட ஓடுகிற பாண்டிருப்புச் சிநேகிதனும் கொஞ்சம் சாப்பிடுகிறார் என்று பஸ்மிலா வீட்டில் மெதுவாகச் சொல்லிவைத்தாள். மறுநாள் பையில் இரண்டாவது பார்சல் இருந்தது. அதில் மாட்டிறைச்சி இல்லை; பாண்டிருப்பு இந்துக்களின் ஊர். யாரும் சொல்லிக்கொடுக்காமலே றுகையா அதைத் தனிச் சட்டியில் சமைத்திருந்தார்.

பத்து நாளில் கிசோக்கின் காற்சட்டை இறுகியது. திரும்பும் வழியில் இன்பாஸ் முன்னே போனான். இதற்கு முன் ஒருநாளும் நடக்காத காரியம்.

“மச்சான், நீ என்னத் தோக்கடிக்கல்ல. உன்ட மாமிதான் தோக்கடிக்கிறா,” என்றான் கிசோக், வாயில் ரோல்ஸோடு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தெற்கே ஒலுவில்வரை போய்த் திரும்பினார்கள். முப்பது கிலோமீற்றர். பஸ்மிலா தூரத்தையும் நேரத்தையும் பாமசித் துண்டு ஒன்றில் எழுதினாள். நிந்தவூரில் தேத்தண்ணிக் கடைக்காரர்கள் எழும்பி நின்று பார்த்தார்கள். வீட்டுக்கு வந்தபோது தெருவே வாசலில் நின்றது. நூஹு இப்போது தன் மீன் வாடிக்கைக்காரர்களிடம், நம்மட மாப்பிள்ளையை நான்தான் முதலில் கண்டுபிடிச்சது என்று சொல்லித் திரிந்தார்.

கடைசி வாரம் ஓய்வெடுக்க வேண்டும் என்று கிசோக் ஃபோனில் எங்கேயோ வாசித்திருந்தான். இருவரும் ஓட்டத்தை நிறுத்தினார்கள். அங்கேதான் நோய் பிடித்தது. சும்மா இருக்கத் தொடங்கியதும் இன்பாஸின் இடது முழங்கால் நோகத் தொடங்கியது. அடுத்த நாள் அது வலது முழங்காலுக்குப் போனது. தொண்டை கரகரத்தது. சப்பாத்து நாடாவை ஒரு நாளில் நாலு தரம் அவிழ்த்துக் கட்டினான். மீற்றர் வாசிக்கப் போன வீட்டில் நாய் துரத்தியபோது, கால் பத்திரம் என்று நடந்தே போய்க் கடி வாங்கப் பார்த்தான். கிசோக் ஃபோன் எடுத்துத் தனக்குக் குதிகால் நோகிறது என்றான். இன்பாஸ் தன் முழங்காலைப் பற்றிச் சொன்னான். இருவருக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

தெரு இதைக் கவனித்தது. மாப்பிள்ளை ஏன் ஓடவில்லை, பயந்துவிட்டாரா, இந்த முறை எந்த பஸ் என்று பெண்கள் றுகையாவிடம் மதிலுக்கு மேலால் கேட்டார்கள். றுகையா சீலைக்குப் பின்னால் வந்து நின்றார். பஸ்மிலா வாயால் கேள்வி வந்தது. ஏன் ஓடவில்லை? ஓய்வு என்று பதில் போனது. பாதங்கள் நெடுநேரம் அங்கேயே நின்றன. இரண்டு வாரத்துக்கு முன் அவன் ஓடுவது அந்த வீட்டுக்கு வெட்கம். இப்போது அவன் ஓடாமலிருப்பது வெட்கம்.

மரதனுக்கு முதல்நாள் இரவு அவன் கேட்டது வெறும் சோறும் கொஞ்சம் பருப்பும். நாற்பது நாள் விருந்தில் அப்படியொரு தட்டு அந்த வீட்டில் வைக்கப்பட்டதில்லை. றுகையா வைத்தார். சோறு மட்டும் மூன்று பேருக்குக் காணும்.

முப்பத்தொன்பதாம் நாள் சுபஹ் தொழுதுவிட்டு வந்தவன் மூன்று முறை கக்கூசுக்குப் போனான். நெஞ்சில் நம்பரைக் குத்தினான், கழற்றினான், திரும்பக் குத்தினான். பஸ்மிலா முற்றத்தில் ஸ்கூட்டியை இயக்கிக்கொண்டு நின்றாள். முன்பக்கத்தில் பை தொங்கியது. இன்பாஸ் உள்ளே ஹோலில், அதே நடுக்கதிரையில் குந்தி முழங்காலைப் பிடித்தபடி அவளைக் கூப்பிட்டான். உண்மையாகவே நோகிறது என்றான். தம்பட்டை வளைவு கண்ணுக்குள்ளே நிற்கிறது என்றான்.

“இந்தமுறை விடுவமா? வாற வருஷம் ஒழுங்காச் செய்வம்.”

பஸ்மிலா வாசலில் நின்று அவனையே பார்த்தாள். குசினிச் சீலை விலகியது.

றுகையா வெளியே வந்தார். இன்பாஸ் அவருடைய முழு உருவத்தையும் கிட்டத்தில் பார்த்தது அன்றுதான். நினைத்ததைவிடக் குள்ளமான பெண். முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டு, அவன் முகத்தைப் பார்க்காமல், கதிரைக்குக் கீழே கிடந்த சப்பாத்துச் சோடியைக் குனிந்து எடுத்தார். கொண்டுபோய் வெளிப்படியில் வைத்தார். திரும்பி வந்து கதவின் அருகே ஒதுங்கி நின்றார்.

மாமியார் சப்பாத்தைத் தூக்கிய பிறகு எந்த மாப்பிள்ளையால் குந்தியிருக்க முடியும்? எழும்பிப் போனான். படியில் உட்கார்ந்து நாடாவைக் கட்டினான். நோவு எந்த முழங்காலில் இருந்தது என்று அவனுக்கே சரியாகத் தெரியவில்லை. எழும்பித் திரும்பிப் பார்த்தபோது அவர் கதவை முக்கால்வாசி சாத்தியிருந்தார். எஞ்சிய இடைவெளியால் முதன்முறையாக அவனை நேரே பார்த்துக் கதைத்தார்.

“மருமகன், பஸ்ல மட்டும் வரப்படா.”

கதவு சாத்தப்பட்டது. உள்ளே பூட்டில் திறப்பு இரண்டு சுற்றுச் சுற்றியது.